ஒன்பதாம் கிண்ணம்

பிள்ளைகளா, அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருக்கும் இரண்டு பீங்கான் கிண்ணங்களை ஏன் யாரும் தொடக் கூடாது என்று பெரியவள் போன பொங்கலுக்குக் கேட்டாள். சின்னவன், "அப்பாவோட புதையல்" என்று கிண்டல் செய்தான். டீக்கடையில் கோப்பையைக் கையில் வாங்கியதும் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குடிக்கிறேன் என்றும், பக்கத்தில் நிற்க வெட்கமாக இருக்கிறது என்றும் இரண்டு பேருமே சொல்லியிருக்கிறீர்கள். நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். வரவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறாவது படித்த வருஷம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் பின்னால், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பா சூளையில் சரக்கு அடுக்குகிற வேலை. தெருவில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி ஆட்கள்தான். வெள்ளை மண் எல்லார் மேலும் படிந்திருக்கும். முருங்கை இலையைக் கூட இரண்டு தடவை அலசித்தான் அம்மா சமைப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் கம்பெனியில் கழித்துப்போட்ட கோப்பை, கிண்ணம், தட்டு. கோணலாக வந்தது, கரும்புள்ளி விழுந்தது, காது ஒட்டாதது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் போகும்போது அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. எங்கள் தெருப் பழக்கம் அது. மற்ற ஊர்களில் வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள் இல்லையா, அது போல.

அந்த வருஷம் சித்திரை வெயிலில், மத்தியான ரயிலில் பெரிய மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் பிடில் பெட்டி.

"என்னண்ணே, லீவா?" என்றாள் அம்மா.

"ஆமா. பெரிய லீவு" என்றார்.

மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். சின்ன வயதில் கடலூரில் ஒரு பாதிரியார் விடுதியில் தங்கிப் படித்தார். அங்கே கோயில் பாட்டுக்குப் பிடில் வாசிக்க ஆள் வேண்டும் என்று இவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக எழுதுகிற வெள்ளைக்காரச் சங்கீதத்தை அங்கே படித்துக்கொண்டார். சினிமாவில் அப்படி எழுதப் படிக்கத் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி இருந்தது. பதினெட்டு வயதில் மெட்ராஸ் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்து, பத்து வருஷத்தில் முதல் வரிசைக்கு வந்தார். இவர் போட்ட மெட்டுகள் பெரிய ஆட்களின் பெயரில் வெளியே போயின. சொந்தப் பெயரில் இரண்டு படம். ஒன்று ஓடவில்லை. மற்றது பெட்டியை விட்டே வெளியே வரவில்லை.

எங்கள் வீட்டு ரேடியோவில் எப்போதாவது அவர் மெட்டு ஒன்று வரும். அம்மா ஓடிப் போய்ச் சத்தத்தைக் கூட்டுவாள்.

"வேற யாரு பேரோ சொல்றானே மச்சான்?" என்பார் அப்பா.

"பேரு அவருது. மெட்டு என்னுது மாப்ள."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நானும் சிரிப்பேன். மாமா அதைப் பார்த்தாரா என்று அப்போது நான் யோசித்ததில்லை.

ஏன் திரும்பி வந்தார் என்பதை அம்மாவிடம் அவர் சொன்னபோது நான் மாவாட்டும் கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டுப் பதிவில் அறுபது பேர் வாசித்துக்கொண்டிருக்கும்போது இசையமைப்பாளர் கையைத் தூக்கி நிறுத்தினாராம். மாமாவை எழுந்து நிற்கச் சொன்னாராம். 'மத்த சுரமெல்லாம் உனக்குச் சரியா இருக்குது. மேல் பஞ்சமம் மட்டும் உன் காதுக்குத் தப்பாக் கேக்குது. அது உனக்கே தெரியல பாரு, அதான் பரிதாபம்' என்றாராம்.

"நீங்க தப்பாவா வாசிச்சீங்க?" என்றாள் அம்மா.

"அதாம்மா தெரியல. கண்ணு போனா இருட்டா இருக்கும், தெரிஞ்சிடும். காது அந்த ஒரு எடத்துல மட்டும் போச்சுன்னா எத வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

அப்பாதான் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். சரக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வந்த கோப்பையை இடது கை விரல் நுனியில் தாங்கி, ஒரு சின்ன மரக்கட்டையால் விளிம்பில் தட்ட வேண்டும். நல்லது மணி மாதிரிப் பாடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தொண்டை கட்டிய மாதிரிச் சத்தம் வரும். அதைக் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவர் கையில் சூடான டீயோடு அது உடையும். மாமா முதல் நாள் முழுக்கத் தட்டினார். ஒரு விரிசல் தப்பவில்லை. மேஸ்திரி எங்கள் வீட்டுக்கே வந்து, "உங்க மச்சான் காது எக்ஸ்ரே மிஷினுங்க. அத வெச்சு எங்க வூட்டுக்காரி என்ன நெனைக்கிறான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு மாமா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

சூளையைத் திறந்ததும் வெளிக்காற்றுப் பட்டு உள்ளே இருக்கும் சரக்கு டிங், டிங் என்று தானாகப் பேசும். மேல்பூச்சு வெடிக்கிற சத்தம் அது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. சரக்கு கெட்டது என்று அர்த்தம். மாமா அதைக் கேட்பதற்காகவே வேலை முடிந்தும் சூளை வாசலில் நிற்பார். "கேளு மாப்ள, எப்படிப் பேசுதுங்க" என்பார். "பேசல மச்சான். சாவுதுங்க" என்பார் அப்பா.

அந்தச் சத்தத்திலிருந்துதான் மாமா தன் கடைசி இசையைக் கட்டினார். கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி மூங்கில் குச்சியால் தட்டி வாசிக்கிற ஜலதரங்கம் உங்களுக்குத் தெரியும். அதோடு பிடிலும். கிண்ணம் கேட்கும், பிடில் பதில் சொல்லும். மேஸ்திரியிடம் அனுமதி வாங்கி, கழித்துப்போட்ட குவியலிலிருந்து நாளுக்கு ஒன்றிரண்டு கிண்ணமாகக் கொண்டு வந்தார். தினம் சாயங்காலம் பின்கட்டு அறையில் அவற்றைப் பரப்பி, அம்மாவின் தகரக் கரண்டியால் தண்ணீர் ஊற்றி, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டுத் தட்டிப் பார்ப்பார். அறையில் யார் இருந்தாலும் ஒரே சட்டம்தான்.

"சத்தம் அடங்குற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அது பேசி முடிக்கட்டும்."

சரியான சுரம் வந்ததும் கிண்ணத்தைக் காயவைத்துக் கவிழ்த்து, அடியில் பூச்சில்லாத வளையத்தில் பென்சிலால் எழுதுவார்: எத்தனையாவது கிண்ணம், எத்தனை கரண்டி, எத்தனை சொட்டு. பதினெட்டுக் கிண்ணம் சேர ஏழு மாதம் ஆயிற்று. அதில் ஒன்பதாவதற்கு மட்டும் இரண்டு மாதம். அதுதான் அந்தப் பஞ்சமம். நூறு கிண்ணமாவது தூக்கிப் போட்டிருப்பார். கிடைத்த அன்று அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டினார். அது வெகுநேரம் பாடியது. அடங்கிய பிறகு, "இதுக்கு மேல ஒரு கிண்ணம் இந்த ஊர்ல சுட்டதில்ல" என்றார். '9 - 4 கரண்டி - 6 சொட்டு' என்று எழுதினார்.

அப்பா வாசலில் நின்றபடி, "ஒரே அச்சு, ஒரே மண்ணு, ஒரே சூளை. எல்லாம் ஒண்ணுதான் மச்சான். நீங்க வேற" என்றார்.

தை மாதத்தில் திருச்சியிலிருந்து ரேடியோக்காரர்களின் கடிதம் வந்தது. வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பிடித்திருந்தால் அவர் பெயரைச் சொல்லியே ஒலிபரப்புவார்கள். மாமா அந்தக் கடிதத்தை மடித்துப் பிடில் பெட்டிக்குள் வைத்தார். அம்மா ஒரு நாளில் நாலு தடவை, "பேரச் சொல்லுவாங்களா அண்ணே, நிச்சயமா?" என்று கேட்டாள்.

அவர் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அப்பாவின் அக்கா வந்திருந்தாள். அத்தைக்கு எங்கள் வீட்டில் எது செய்தாலும் ஒரு சொட்டை தெரியும். சாப்பிட்டுக் கிளம்பும்போது சொன்னாள்:

"போன தடவ ஒரு கிண்ணம் குடுத்தீங்களேம்மா, கீழ வெச்சா நிக்காம ஆடுது. எங்க வூட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. தம்பிக்காரன் கம்பெனியில வேல பாக்குறான், அக்காளுக்குக் கோணக் கிண்ணம்."

அம்மாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "டேய், நல்லதா ஒண்ணு பாத்து எடுத்தாடா. ஆடாததா" என்றாள். மாமா அப்போது வீட்டில் இல்லை. மணிமுத்தாற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார்.

பெட்டியைக் கிளறினேன். எல்லாம் ஏதாவது ஒரு குறையோடு இருந்தது. வாசலில் அப்பா, "பஸ்ஸு போயிடும்டா" என்று கத்தினார். நான் பின்கட்டு அறைக்குப் போனேன். எது நல்ல கிண்ணம் என்று எனக்குத் தெரியாதா? மாமாவே சொல்லியிருந்தாரே. ஒன்பதாவதை எடுத்துத் துடைத்து, காகிதம் சுற்றி அத்தை கையில் கொடுத்தேன். அத்தை பிரித்துப் பார்த்து, "இப்பத்தான் என் மருமவன் எனக்குன்னு ஒண்ணு குடுத்திருக்கிறான்" என்று என் தலையைத் தடவினாள். அம்மா பெருமையாகச் சிரித்தாள்.

அத்தையும் அவளை பஸ் ஏற்றப் போன அப்பாவும் தெரு திரும்பிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஆனால் அப்பா சொன்னது நினைவில் இருந்தது: ஒரே அச்சு, ஒரே மண், எல்லாம் ஒன்றுதான். பெட்டியில் அதே அச்சில் ஒரு கிண்ணம் இருந்தது. விளிம்பில் கடுகளவு புள்ளி, வேறு குறையில்லை. அதைக் கவிழ்த்து, என் பென்சிலால் '9 - 4 கரண்டி - 6 சொட்டு' என்று மாமா எழுதுவது போலவே எழுதினேன். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரயில். திங்கட்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்து மாமா கடைசியாக ஒரு முறை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தார். அம்மா, அப்பா, நான் மூவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அளந்து தண்ணீர் ஊற்றினார். வாசிக்கத் தொடங்கினார். டிங், டிங் என்று சூளை திறந்தது போல இருந்தது. ஒன்பதாவதில் குச்சி பட்டதும் அவர் கை நின்றது.

மறுபடி தட்டினார். தண்ணீரைக் கொட்டிவிட்டு நாலு கரண்டி, ஆறு சொட்டு விட்டார். தட்டினார். விரிசலா என்று காதோடு வைத்து நகத்தால் சுண்டினார். விரிசல் இல்லை. கவிழ்த்து அடியைப் பார்த்தார். அடியில் இருந்தது என் எழுத்து. கிட்டத்தில் இருப்பதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் எடுத்துப் போடவில்லை. எண் தெரிந்தது, அது போதும் என்று நிமிர்த்திவிட்டார்.

"தண்ணிய மாத்தி ஊத்துங்களேன்" என்றார் அப்பா.

"கிண்ணம் அதே கிண்ணம். தண்ணி அதே தண்ணி. அப்ப மாறுனது எது மாப்ள?"

மாமா பில்லரை எடுத்தவர் மறுபடி கீழே வைத்துவிட்டார்.

"தண்ணியக் கொறச்சா என் காதுக்குச் சரியாயிடும். ஆனா அது எந்தச் சரி? மெட்ராஸ்ல அன்னிக்கும் எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு." அம்மாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. மாறியிருக்குதா?"

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குதுண்ணே" என்றாள் அம்மா, பாவம்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்குச் சின்னக் காது. நீ கேளு." தட்டினார்.

எனக்குக் கேட்டது பிள்ளைகளா. இசை தெரியாத எனக்கே கேட்டது. பழையது மேலே போய் நின்று பாடும். இது கொஞ்சம் கீழேயே நின்றது, சீக்கிரம் அடங்கியது. அடங்கும் வரை நான் பேசவில்லை, சட்டப்படி. பக்கத்தில் அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

"எப்பவும் போலத்தான் இருக்குது மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கிண்ணமாகத் தண்ணீரைக் கொட்டினார்.

மறுநாள் அவர் திருச்சி போகவில்லை. ஒரு கார்டு எழுதிப் போட்டார். கம்பெனிக்குப் போய் மேஸ்திரியிடம், "என் காத நம்பாதீங்க, விரிசல் போயி யாராவது கையில உடையும்" என்று சொல்லித் தட்டுகிற வேலையை விட்டார். சரக்குக் கட்டுகிற இடத்தில் போட்டார்கள். கோப்பைகளுக்கு இடையில் வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒன்றோடொன்று பட்டுச் சத்தம் வரக் கூடாது, அதுதான் அந்த வேலை. ஒரு தடவை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது பார்த்தேன். முழங்கை வரை வைக்கோல் ஒட்டியிருக்க, மாமா ஒவ்வொரு கோப்பையையும் சத்தமில்லாமல் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்காரர் சொன்னது சரியாத்தான் இருந்திருக்குது" என்றார் அப்பா, அம்மாவிடம். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். சாகும் வரை நம்பினார்.

அந்த இசைக்கு மாமா எழுதிய தாளெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிடிலைக் கடலூர் விடுதிக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பின்கட்டு அறையில் மூன்று வருஷம் இருந்தார். ரேடியோவில் அவர் மெட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியில் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். நான் தினமும் போனேன். தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கஞ்சி குடித்த டம்ளரை நர்ஸ் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

மாமா வாசிப்பதை நிறுத்தியதுமே கிண்ணங்களை அம்மா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். குழம்பு, தயிர், எண்ணெய் என்று புழங்கி ஒவ்வொன்றாக உடைந்தன. மாமா திருச்சி போகாமல் விட்ட அந்த வாரம், கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தபடி அம்மா என்னைக் கேட்டாள்: "டேய், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்? ஒண்ணுமில்லியே."

"சரி, போய்ப் படி" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அம்மா போய்ப் பதினாறாம் நாள் அவள் பெட்டியைத் திறந்தோம். உங்களுக்கு நினைவிருக்கும், இரண்டு பேரும் பக்கத்தில் நின்றீர்கள். அடியில் பழைய புடவைத் துண்டில் சுற்றி ஒரு கிண்ணமும் தகரக் கரண்டியும் இருந்தன. விளிம்பில் கடுகளவு புள்ளி. கவிழ்த்தால், வாலை வலப்பக்கம் நீட்டி நான் போடுகிற ஒன்பது. அந்த ஒன்பதுக்காக வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அம்மாதான் எண்ணெய் தடவிவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டுதான் அண்ணனுக்கு மூன்று வருஷம் சோறு போட்டிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்காமல். பிள்ளையா, கூடப் பிறந்தவரா என்று அவள் எந்த நாளில் முடிவு செய்தாள், அல்லது தினமும் முடிவு செய்துகொண்டிருந்தாளா, எனக்குத் தெரியாது. என் பொய்யை அவள் தலையிலும் ஏற்றிவிட்டேன் என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஸ்ரீமுஷ்ணம் போனேன். அத்தை எப்போதோ போய்விட்டாள். அவள் மருமகள் சாமி அலமாரியில் அந்தக் கிண்ணத்தில் குங்குமம் வைத்திருந்தாள்.

"இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க அண்ணே? கேட்டிருந்தா குடுத்தனுப்பியிருப்பேனே" என்று குங்குமத்தை வேறு டப்பாவில் கொட்டிவிட்டுக் கொடுத்தாள். "அத்தை இத யாரையும் தொட விடமாட்டாங்க. தம்பி மகன் குடுத்ததுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

அதன் அடியில் மாமாவின் எழுத்து மங்கலாக இன்னும் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து ஆறு வருஷமாக மேல்தட்டில் இருக்கின்றன. நான் தட்டிப் பார்த்ததில்லை. டீக்கடைக் கோப்பையெல்லாம் தட்டுகிறவன், இவற்றைத் தட்டவில்லை. இரண்டும் ஒரே மாதிரிக் கேட்டுவிட்டால் மாமாவின் காது உண்மையிலேயே போயிருந்தது, நான் செய்தது பெரிய தப்பில்லை என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட வேண்டும் என்று சில நாள் ஆசைப்பட்டேன். அந்த ஆசையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதுவரை எழுதி நாலு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். நேற்று நீங்களும் உங்கள் அம்மாவும் திட்டக்குடிக் கல்யாணத்துக்குப் போனீர்கள். எனக்குக் கால் வலி என்று சொன்னது பொய். நீங்கள் போன பிறகு மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு கிண்ணத்தையும் தரையில் வைத்து, அதே தகரக் கரண்டியால் நாலு நாலு கரண்டி ஊற்றினேன். சொட்டு விடும்போது எண்ணிக்கை தப்பி ஏழாகிவிட்டது. இரண்டையும் கொட்டித் துடைத்து மறுபடி ஊற்றினேன்.

முதலில் என்னுடையதைத் தட்டினேன். அடங்கியது. பிறகு அவருடையதைத் தட்டினேன்.

அது மேலே போய் நின்று பாடியது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் குங்குமத்துக்கு அடியிலும் மேல்தட்டிலும் கிடந்ததற்கான அடையாளமே இல்லை. அது முடியும் வரை நான் வாய் திறக்கவில்லை.

பிறகு சொன்னேன்: "மாமா, மாறியிருக்குது. மாத்துனது நான்தான்."